பிரைமர் அமர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது அமெரிக்காவில் ஏறத்தாழ 150 ஆண்டுப் பழக்கம். 1870களில் மேற்குச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் முகாமில் உட்கார்ந்தே தோட்டா நிரப்பினார்கள். இன்று அதே வேலை வீட்டுக் காரேஜின் மூலையில், மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய பிரஸ்ஸில் நடக்கிறது. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. எனவே இக்கட்டுரை பேசும் உலகம் பெரும்பாலும் அமெரிக்க உலகம்தான்.

வேலை நான்கு கட்டம். பழைய பிரைமரைத் தள்ளிவிட்டுக் கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்குவது, புதுப் பிரைமரைப் பொருத்துவது, வெடிமருந்து இடுவது, குண்டை அழுத்தி வைப்பது. மருந்துக்குத் தராசு இருக்கிறது. கூட்டின் நீளத்துக்கும் குண்டின் ஆழத்துக்கும் காலிப்பர் இருக்கிறது. பிரைமர் விஷயத்தில் மட்டும் வேலை சரியாக முடிந்ததா என்று எதை வைத்துச் சொல்வது என்பதில் தலைமுறை தலைமுறையாகக் கருத்து வேறுபாடு. விரலால் தடவிப் பார் என்றார்கள். கையில் உணர் என்றார்கள். ஆழத்தை அள என்றார்கள். கடைசியாக, ஆழம் அல்ல, அழுத்தமே முக்கியம் என்கிறார்கள். இந்த நான்கு விடைகளும் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தடுக்குகின்றன என்று பார்க்கலாம்.

உள்ளே இருப்பது என்ன

பிரைமர் என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம். அதன் அடியில் அடித்தால் தீப்பிடிக்கும் கலவை ஒட்டியிருக்கும். துப்பாக்கியின் ஊசி வெளியிலிருந்து கிண்ணத்தைக் குத்தும்போது, கலவை மறுபக்கம் ஏதோ ஒரு கெட்டிப் பொருளில் மோதி நசுங்க வேண்டும். அந்தப் பொருள்தான் பட்டடை. பட்டடை எங்கே இருக்க வேண்டும் என்பதில் 1866ஆம் ஆண்டிலேயே இரண்டு வழிகள் பிரிந்துவிட்டன. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அதைக் கூட்டோடு சேர்த்தே அமைத்தார். ஆங்கிலேயப் படை அதிகாரியான எட்வர்ட் பாக்ஸர் அதைத் தனித் தகடாக்கிப் பிரைமருக்குள்ளேயே வைத்தார். வரலாற்றின் குறும்பு, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் வேரூன்றியது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு தீத்துளை இருக்கும். அதன் வழியே ஊசியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டன் கூட்டில் துளைகள் பொதுவாக இரண்டு, அவையும் நடுவில் இல்லை. மறுநிரப்பல் அமெரிக்காவில் வீட்டுப் பொழுதுபோக்காக வளர்ந்ததற்கு இந்தச் சின்ன வேறுபாடு பெரிய காரணம்.

பாக்ஸர் பிரைமரில் பட்டடையின் கால்கள் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி இம்மியளவு வெளியே நிற்கும். குழிக்குள் தள்ளும்போது முதலில் அந்தக் கால்கள் குழியின் தரையைத் தொடும். அதற்குப் பிறகும் தள்ளினால் பட்டடை கிண்ணத்துக்குள் சற்றே ஏறி, அதன் நுனி கலவையை அழுத்தும். இந்த முன்னழுத்தம் இருந்தால்தான் ஊசியின் அடி வீணாகாமல் கலவையைச் சேரும். ஆக, பிரைமர் அமர்வது என்பதற்குள் மூன்று பொருள்கள் கலந்துகிடக்கின்றன: கூட்டின் அடிமட்டத்துக்குக் கீழே போயிருப்பது, கால்கள் தரை தொட்டிருப்பது, கலவை அழுந்தியிருப்பது. ஒவ்வொரு கட்சியும் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. சண்டை இவ்வளவு நீண்டதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விரல்நுனி விதி

மிகப் பழைய விடை எளியது. கூட்டின் அடியை விரலால் தடவு. பிரைமர் மேடு தட்டக் கூடாது. ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் இடுக்கிக் கருவிகளின் காலத்தில் இதற்கு மேல் கேட்க வழியில்லை. அக்காலத் துப்பாக்கிகளில் பல ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இடுபவை. மேடான பிரைமர் இருந்தால் பூட்டு மூட மறுக்கும், அல்லது சுடாமல் போகும். சுடாமல் போவதன் காரணமும் விசித்திரமானது. ஊசியின் முதல் அடி, பிரைமரை மீதித் தூரம் உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாம் அடிக்கு அதே தோட்டா வெடிக்கும். பிரைமர் தரமற்றது என்று உரிமையாளர் உற்பத்தியாளரைத் திட்டுவார். தவறு பெரும்பாலும் மேசையில் நடந்திருக்கும்.

அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் வந்ததும் விரல்நுனி விதி சௌகரியம் என்ற நிலையிலிருந்து பாதுகாப்பு என்ற நிலைக்கு உயர்ந்தது. எம்1 கேரண்ட் போன்றவற்றில் ஊசிக்கு ஸ்பிரிங் தடை இல்லை. போல்ட் எனும் பூட்டு வேகமாக மூடும்போது ஊசி தன் வேகத்திலேயே முன்னே வந்து பிரைமரை லேசாகத் தொடும். தொழிற்சாலைத் தோட்டாவில் அந்தத் தொடுதல் ஒரு சிறு புள்ளியை மட்டுமே விடும். பிரைமர் மேடாகவோ மெல்லிய கிண்ணத்தோடோ இருந்தால், விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்புண்டு. இவ்வகை விபத்துக்கு மேடான பிரைமரே முதன்மைக் காரணமா, கிண்ணத்தின் மென்மையும் போல்ட்டை எப்படி மூடினார்கள் என்பதும் அதைவிடப் பெரியவையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ராணுவத் தர விறைப்புள்ள கிண்ணத்தோடு சி.சி.ஐ. நிறுவனம் 34, 41 என்ற எண்களில் தனிப் பிரைமர்கள் விற்பது, இரண்டாம் காரணத்தையும் தொழில்துறை ஒதுக்கிவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

விரல்நுனி விதியின் குறை வெளிப்படை. மேடு இல்லை என்பது மட்டும் தெரியும். கால்கள் தரை தொட்டனவா என்பது தெரியாது. ஆழமான குழியில் பிரைமர் மட்டத்துக்குக் கீழே போயும் அந்தரத்தில் நிற்கலாம்.

பிரஸ் மீதான குற்றச்சாட்டு

ஃப்ரெட் ஹண்டிங்டன் கலிஃபோர்னியாவில் 1943இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ்., ஜாய்ஸ் ஹார்னடி நெப்ராஸ்காவில் 1949இல் தொடங்கிய ஹார்னடி போன்ற நிறுவனங்கள் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மறுநிரப்பலை வீட்டுக்குள் கொண்டுவந்தன. வீட்டுக்காரர்களுக்குப் பிரைமர் கிடைப்பதை எளிதாக்கியதில் 1951இல் ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் பிறந்த சி.சி.ஐ.க்கும் பங்குண்டு. இவர்கள் கைகளில் புழங்கிய இயந்திரம்தான் ஒற்றைநிலைப் பிரஸ்: ஒரு நேரத்தில் ஒரு கூடு, ஒரு வேலை.

அது இயங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் சண்டை புரியும். நெம்புகோலைக் கீழே இழுத்தால் ராம் எனும் தண்டு மேலேறும். கூடு டை எனும் அச்சுக்குள் புகும். பழைய பிரைமர் விழும். பெரும்பாலான பிரஸ்களில் பிரைமர் வேலை திரும்பும் பயணத்தில் நடக்கிறது. ராமின் பிளவில் ஒரு சிறு கை நுழைந்து நிற்கும்; அதன் முனையில் புதுப் பிரைமர். நெம்புகோலை மேலே தள்ளும்போது ராம் இறங்க, கூடு பிரைமரின் மேல் வந்து அமரும். கூட்டைப் பிடித்திருப்பது ஷெல் ஹோல்டரின் உதடு. அது விளிம்பின் மேற்பக்கத்தைப் பற்றியிருக்கும்.

குற்றச்சாட்டு இது. பித்தளையைச் சுருக்கப் பெரும் விசை வேண்டும். பிரஸ்ஸின் நெம்பு விகிதம் அதற்காக அமைக்கப்பட்டது. பிரைமருக்கு அதில் சிறு பங்கு போதும். பிரைமர் தரை தொடும் கணம் அந்த நீண்ட கம்பியின் மறுமுனையில் கைக்கு வந்து சேர்வதில்லை. சம்மட்டி பிடித்துக் குண்டூசி அறைவது போல. விளைவாக, சிலர் குறைவாகத் தள்ளி மேடாக விடுகிறார்கள். சிலர் அதிகமாகத் தள்ளிக் கிண்ணத்தைத் தட்டையாக்குகிறார்கள்.

இந்தக் குற்றச்சாட்டில் பாதி நியாயமே இருப்பதாகப் படுகிறது. கை உணராதது பிரஸ்ஸின் குறைதான். ஆனால் பல பிரஸ்களில் அதைவிட முக்கியக் குறை, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் தடை இல்லாதது. தடை வைத்த பிரஸ்களும் உண்டு. ஃபோர்ஸ்டர் நிறுவனத்தின் கோ-ஆக்ஸ் பிரைமரைக் குறிப்பிட்ட ஆழத்தில் நிறுத்திவிடுகிறது. டை இருக்கும் இடத்தில் ஷெல் ஹோல்டரை வைத்து, ராமின் மேல்முனைப் பயணத்தில் பிரைமரை ஏற்றும் ராம்-பிரைம் துணைக்கருவிகளில், டையைத் திருகுவதுபோலவே ஆழத்தைத் திருகி வைக்கலாம். எனவே பிரஸ்ஸில் சரியாகப் பொருத்த முடியாது என்ற பொதுத் தீர்ப்பு மிகை.

பாதுகாப்புப் பற்றிய வாதம் இரு பக்கமும் வெட்டுகிறது. பிரைமர் கலவை மெல்ல அழுத்துவதைவிடத் திடீர் அடிக்கே எளிதில் பிடிக்கும். சுத்தியலால் தட்டிப் பொருத்தும் பழைய லீ லோடர் பெட்டியில் அவ்வப்போது பிரைமர் வெடித்தது இதனால்தான். அந்த வகையில் பிரஸ் நிதானமானது. ஆனால் சாய்ந்தோ தலைகீழாகவோ நுழைந்த பிரைமரைப் பிரஸ் எந்த எதிர்ப்பும் காட்டாமல் நசுக்கிவிடும். ஒரு பிரைமர் வெடித்தால் கண்ணாடி அணிந்தவருக்கு அதிர்ச்சியோடு போகலாம். அடுக்கி வைத்த தட்டோ குழாயோ சேர்ந்து வெடித்தால் கதை வேறு. உற்பத்தியாளர்கள் பிரைமர்களை இடைவெளி விட்டுத் தட்டுகளில் அடைப்பதும், வீட்டில் 10,000 பிரைமர்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்று என்.எஃப்.பி.ஏ. 495 தீத்தடுப்பு விதி சொல்வதும் இதற்காக. இதே காரணத்துக்காகத் தட்டோடு கையில் பிடிக்கும் பழைய லீ ஆட்டோ-பிரைம் கருவியின் குறிப்பேடு, சி.சி.ஐ., வின்செஸ்டர் பிரைமர்களை மட்டுமே பரிந்துரைத்தது. ஒவ்வொன்றாக இடும் பிரஸ் இங்கே முன்னே நிற்கிறது.

கையுணர்வுக் கட்சி

உள்ளங்கையில் பிடித்து, சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தும் கருவி பிரஸ்ஸின் குறைக்கு வந்த பதில். பென்ச்ரெஸ்ட் எனப்படும், மேசையில் துப்பாக்கியைத் தாங்கிச் சுடும் துல்லியப் போட்டியாளர்களிடமிருந்து இது பரவியது. கட்சி சொல்வது: பிரைமர் உரசிக்கொண்டு நுழையும், பிறகு ஒரு நிறுத்தம், அதற்குப் பின் இன்னும் கொஞ்சம். அந்த நிறுத்தத்தை உணரும் கைக்கு அளவுகோல் தேவையில்லை.

இந்தக் கட்சியின் பலம், அமர்வின் இரண்டாம் பொருளை, அதாவது தரை தொடுவதை, நேராகப் பிடிப்பது. குழி ஆழமோ மேலோட்டமோ, கை அந்தந்தக் குழியின் தரையையே தேடுகிறது. தளர்ந்துபோன குழியையும் இதுவே முதலில் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பில்லாமல் நுழையும் பிரைமர், அந்தக் கூடு பலமுறை அதிக அழுத்தம் பார்த்துவிட்டது என்பதற்கு அடையாளம். பிரஸ்ஸில் இது பெரும்பாலும் தப்பிவிடும்.

பலவீனம், அந்த 'இன்னும் கொஞ்சம்' எவ்வளவு என்பது. ஒருவரின் கொஞ்சம் இன்னொருவரின் நிறைய. முதல் ஐம்பது கூடுகளிலும் இருநூறாவதிலும் ஒரே கட்டைவிரல் ஒரே விதமாகத் தள்ளும் என்று நம்புவதும் கடினம். இறுக்கமான குழியில் நுழைவு உராய்வே நிறுத்தம்போலத் தோன்றி ஏமாற்றும். கையுணர்வு பழக்கத்தால் கூர்மையடைகிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாமல் இருப்பது ஓர் ஆய்வுக்குப் போதாத நிலை.

ஆழக் கட்சி

எண் கேட்டவர்களுக்கு எண் கிடைத்தது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. 1926இல் உருவானது. அதன் அளவுகளில் பிரைமர் மட்டத்திலிருந்து 0.008 அங்குலம் கீழ் வரை இருக்கலாம். மறுநிரப்பல் கையேடுகளில் அதிகம் காணும் இலக்கு 0.003 முதல் 0.005 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் 0.08 முதல் 0.13 வரை. கிளிக் கிளிக்காகத் திருகி இந்த ஆழத்தை மாற்றும் மேசைக் கருவிகள் இப்போது பல விற்பனைக்கு உள்ளன. சிலவற்றின் விலை ஒரு நல்ல பிரஸ்ஸின் விலையைத் தாண்டும்.

எண் இருப்பதே ஒரு நன்மை. பகிரலாம், சரிபார்க்கலாம். ஆனால் இந்த எண்ணுக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பெரிய ரைஃபிள் பிரைமருக்கான குழியின் ஆழம் 0.125 முதல் 0.132 அங்குலம் வரை இருக்க எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அனுமதிக்கிறது. குழி மட்டுமே 0.007 அங்குலம் மாறலாம். நாம் தேடும் இலக்குச் சாளரம் 0.002 அங்குலம் அகலம். பிரைமரின் உயரமும் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஒரே 0.004 ஆழத்தில் நிற்கும் இரண்டு பிரைமர்களில் ஒன்று நன்றாக அழுந்தியிருக்கலாம், மற்றது தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கலாம்.

இதற்கு மேல் விளிம்பின் தடிமன். ஷெல் ஹோல்டர் விளிம்பின் மேற்பக்கத்தைப் பற்றுகிறது என்று மேலே பார்த்தோம். தடையை நிலையாக வைத்த கருவியில், விளிம்பு தடிமனான கூட்டில் பிரைமர் மட்டத்திலிருந்து அதிக ஆழம் போகும், மெல்லிய விளிம்பில் குறையும். கருவி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை திருகக் கூடியது. அது பற்றியிருக்கும் பித்தளை அந்த அளவுக்கு ஒழுங்கானதல்ல.

அழுத்தக் கட்சி

இந்த ஓட்டையிலிருந்து பிறந்தது கடைசிக் கட்சி. பிரைமர் எங்கே நிற்கிறது என்பது கேள்வியல்ல, பட்டடை கலவையை எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்பதே கேள்வி என்கிறது அது. கே அண்ட் எம் நிறுவனத்தின் டயல் பொருத்திய கைக்கருவி இதன் முகம். ஒவ்வொரு கூட்டின் குழி ஆழத்தையும் அதற்குப் போகும் பிரைமரின் உயரத்தையும் ஒப்பிட்டு டயலைச் சுழியத்தில் வைத்துவிட்டு, தரை தொட்டதற்குப் பிறகு அங்குலத்தின் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு தள்ளினோம் என்று படிக்கலாம்.

கோட்பாட்டளவில் இதுவே மிக ஒழுங்கான விடை. அமர்வின் மூன்றாம் பொருளை அளக்கிறது. மற்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. குறைகள் நடைமுறையில் வருகின்றன. ஒரு தோட்டாவுக்கு ஆகும் நேரம் பலமடங்காகிறது. அங்குலத்தின் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு சிறந்தது என்பதிலும் ஒவ்வொரு பிரைமர் வகைக்கும் வெவ்வேறு எண் சொல்கிறார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் அவரவர் துப்பாக்கியில் சுட்டுக் கண்டவை. அதிகம் அழுத்தினால் கலவைக் கட்டி விரிசல் விட்டுத் தீ பலவீனமாகலாம் என்ற எச்சரிக்கை பரவலாக உண்டு. எந்த அளவில் அது தொடங்குகிறது என்பதில் தெளிவு குறைவு.

குழியைச் சுரண்டுவது பற்றி

இதோடு ஒட்டிய ஒரு கிளைவழக்கு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. குழியைச் சுத்தம் செய்ய வேண்டுமா? நவீன ஈய ஸ்டிஃப்னேட் பிரைமர்கள் விட்டுச்செல்லும் கரி மெல்லியது. துல்லியத்தில் அதன் பாதிப்பைக் காட்டுவது கடினம். ஆனால் பலமுறை சேர்ந்த கரி தரையை உயர்த்தி, கால்கள் பித்தளைக்கு முன் கரியைத் தொடச் செய்யலாம். ராணுவக் கூடுகளின் விஷயம் வேறு. பிரைமர் கழன்றுவிடாமலிருக்கக் குழியின் வாயை மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை நீக்காமல் புதுப் பிரைமரைப் பிரஸ்ஸில் தள்ளினால் அது நசுங்கும். இங்கே கருத்து வேறுபாடே இல்லை, நீக்கியாக வேண்டும்.

இலக்கில் தெரிகிறதா?

அமர்வு ஒரே சீராக இருந்தால் குண்டின் வேகமும் சீராகும், 1000 கஜத்தில் மேல்கீழ்ச் சிதறல் குறையும் என்பது ஆழக் கட்சி, அழுத்தக் கட்சி இரண்டின் வாக்குறுதி. ஏரணமாக அதில் பிழையில்லை. ஆதாரம்தான் மெலிந்திருக்கிறது. வழக்கமான சோதனையில் ஒவ்வொரு முறையிலும் ஐந்தோ பத்தோ தோட்டா சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கத்தை ஒப்பிடுவார்கள். பத்துத் தோட்டாவில் கண்ட திட்ட விலக்கம் விநாடிக்கு 10 அடி என்றால், 95 சதவீத நம்பிக்கை எல்லையில் உண்மை மதிப்பு ஏறத்தாழ 7 முதல் 18 வரை எங்கும் இருக்கலாம். பத்துக்குப் பத்து ஒப்பிடும்போது ஒரு முறையின் விலக்கம் மற்றதைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருந்தால்தான் அதை வேறுபாடு என்றே சொல்ல முடியும். 8க்கும் 11க்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துக் காட்ட, பக்கத்துக்கு நாற்பது தோட்டாவாவது வேண்டும். அத்தனையையும் சுட்டு முடிக்கும்போது குழலின் சூடு, காற்று, மருந்து அளவின் ஏற்ற இறக்கம் எல்லாம் கணக்கில் புகுந்துவிடும்.

இதனால் பாதிப்பே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. போட்டியில் வெல்பவர்கள் இதில் நேரம் செலவிடுகிறார்கள் என்பது ஓர் அறிகுறி. ஆனால் அவர்கள் வெடிமருந்தைத் தேர்வதிலும் காற்றைப் படிப்பதிலும் செலவிடும் நேரத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பது எப்படி?

இப்போதைய நிலை

உறுதியாகச் சொல்லக்கூடியவை குறைவு, ஆனால் முக்கியமானவை. மேடான பிரைமர் பிழை. அது வெடிக்காமல் போவதற்கும், சில துப்பாக்கிகளில் விபத்துக்கும் வழி. கால்கள் குழியின் தரையைத் தொட்டே ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒற்றைநிலைப் பிரஸ்ஸால் தடையோடு தரமுடியும். தடை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கூட்டையும் தடவிப் பார்க்கும் பொறுமை உள்ளவர் பெருமளவு பெற முடியும். வேட்டைக்கும் சாதாரணப் பயிற்சிக்கும் இதற்கு மேல் செலவிடுவதற்கான நியாயம் இதுவரை முன்வைக்கப்பட்ட சான்றுகளில் இல்லை.

திறந்தே இருப்பவை இரண்டு. முன்னழுத்தம் எவ்வளவு என்பது நீண்ட தூரத்தில் அளந்து காட்டத்தக்க வேறுபாட்டைத் தருகிறதா என்பது ஒன்று. அப்படித் தந்தால், அந்த உகந்த அளவு பிரைமர் வகையைப் பொறுத்ததா, ஊசியின் விசையைப் பொறுத்ததா என்பது மற்றொன்று. இரண்டாவதுக்கு விடை பிரஸ் மேசையில் கிடைக்காது. துப்பாக்கியின் ஊசி ஸ்பிரிங்கையும் சேர்த்துச் சோதித்தால்தான் கிடைக்கும். கருவி விற்பவர்களைச் சாராத ஒருவர், நாற்பது நாற்பதாக, எந்தத் தோட்டா எந்த முறையில் நிரப்பியது என்று சுடுபவருக்கே தெரியாதபடி சுட்டுப் பார்த்தால் முதல் கேள்வியாவது ஓரளவு தீரும். அதுவரை, விலையுயர்ந்த பிரைமர் கருவி வாங்க நினைப்பவர் அதற்கு முன் தன் கூடுகளின் விளிம்புத் தடிமனையும் குழி ஆழத்தையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.